விண்ணிலிருந்து வருவது எது, மண்ணிலிருந்து வருவது எது? திருகோணமலையில் கதிர்வீச்சு அளக்கத் தொடங்குவோருக்கு

கொட்டியாரக் குடாவில் கரையை விட்டு நன்றாக விலகியதும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள், கதிர்வீச்சுத் துணிக்கை ஒன்று வரும்போதெல்லாம் ஒருமுறை தட்டும் கைகர் எண்ணி டிக், டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. வள்ளத்துக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டவர், "தம்பி, கரையில் இது இன்னும் அடிக்கடி தட்டியதே. இங்கே வந்ததும் களைத்துவிட்டதா?" என்றார்.

எண்ணி களைக்கவில்லை. கரையில் மண்ணும் கல்லும் சுவரும் தமக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து காமாக் கதிர்களை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குடாவின் நடுவில் எங்களுக்கும் அந்த மண்ணுக்கும் இடையே ஆழமான நீர் இருந்தது. அதனால் மண்ணின் பங்கு அடங்கிப்போய், மேலிருந்து வருவதும் எண்ணிக்குள் இருக்கும் குழாயின் சொந்த இரைச்சலும் மட்டுமே மிஞ்சின. 1911இல் இத்தாலியின் லிவோர்னோ கடலில் தொமெனிக்கோ பச்சீனி இதே கேள்வியோடுதான் தன் கருவியை 3 மீற்றர் ஆழத்துக்கு இறக்கினார். நீருக்குள் அளவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. அப்படியானால் கதிர்வீச்சின் ஒரு பங்கு நிலத்திலிருந்து வரவில்லை என்று அவர் முடிவு செய்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் தேதி விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீற்றருக்கு மேலே ஏறி அளந்து, அது வானத்திலிருந்து வருகிறது என்று நிறுவினார்.

விண்வெளிக் கதிர்வீச்சைப் படிக்க வெளிநாடு போனால்தான் முடியுமா என்று உயர்தர மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மேற்படிப்புக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துறையின் அடிப்படைத் திறமையை, அதாவது கருவி காட்டும் எண்ணில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவதை, உப்புவெளியில் ஒரு வீட்டு மேசையிலேயே பழகிக்கொள்ளலாம். விண்வெளி வீரரைக் காப்பவர்கள் செய்வதும் அந்த வேலைதான்.

எண்ணிக்கை வேறு, கேடு வேறு

கருவியைத் தொடுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கைகர் எண்ணி சொல்வது எத்தனை துணிக்கைகள் வந்தன என்பதை மட்டும். அவை உடலில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் சென்றன என்பதைச் சொல்வது கிரே என்ற அலகு. ஒரு கிலோகிராமில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. அந்த ஆற்றல் எவ்வளவு கேடு செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்வது சீவேர்ட்.

விண்வெளியில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் ஏறத்தாழ 87 சதவீதம் புரோத்தன்கள், 12 சதவீதம் ஹீலியக் கருக்கள், மீதி 1 சதவீதம் அதைவிடக் கனமான கருக்கள். அந்த ஒரு சதவீதத்தை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு துணிக்கை தன் பாதையில் விட்டுச்செல்லும் ஆற்றல் அதன் ஏற்றத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்புக் கருவின் ஏற்றம் 26. 26இன் வர்க்கம் 676. அதே வேகத்தில் போகும் புரோத்தன் ஒன்றுடன் ஒப்பிட்டால், இரும்புக் கரு ஒரே கோட்டில் 676 மடங்கு அடர்த்தியாக அயனாக்கிக்கொண்டு போகிறது. கைகர் எண்ணிக்கு இரண்டும் ஒரு டிக் ஒலிதான். உயிர்க்கலத்துக்கு அப்படியல்ல. அதனால்தான் வீரர்களின் கதிரளவைக் கணக்கிடும்போது, துணிக்கை ஒரு மைக்ரோமீற்றரில் இழக்கும் ஆற்றலைப் பார்த்து ஒரு தரக்காரணியால் பெருக்குகிறார்கள். அந்த இழப்பு 10 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குக் (துணிக்கைகளின் ஆற்றலைச் சொல்லும் அலகு) குறைவாக இருந்தால் காரணி 1. இழப்பு 100ஐ எட்டும்போது காரணி 30 ஆகிறது.

அண்டக் கதிர் எப்போதும் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. சூரியன் வெடிக்கும்போது சில மணிநேரமோ சில நாட்களோ கொட்டும் புரோத்தன்கள் இன்னொரு வகை. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் வான் அலன் பட்டைகள் மூன்றாவது. இந்தப் பட்டைகள் கண்டுபிடிக்கப்பட்ட கதையைத் தொடங்குவோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 1958இல் எக்ஸ்புளோரர்-1 செய்மதியில் ஒரு கைகர் எண்ணியை வைத்து அனுப்பினார்கள். உயரம் கூடியபோது அது சுழியம் காட்டியது. அங்கே கதிர்வீச்சே இல்லையோ என்று தோன்றக்கூடிய இடம் அது. உண்மையில் துணிக்கைகள் அளவுக்கு மீறி வந்ததால் எண்ணி திக்குமுக்காடி ஊமையாகிவிட்டது. ஜேம்ஸ் வான் அலனின் குழு அதைச் சரியாகப் புரிந்துகொண்டது. உங்கள் கருவி சுழியம் காட்டும் நாளில், ஒன்றும் வரவில்லையா அல்லது தாங்க முடியாத அளவுக்கு வருகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். நம் வீட்டில் பெரும்பாலும் பற்றரி தீர்ந்ததுதான் காரணமாக இருக்கும். ஆனாலும் கேள்வி கேட்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

நாம் நிற்கும் இடம்

திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைப் பக்கமாகச் செல்வதால் நமக்கு மிக அருகில் அமைகிறது. இங்கே காந்தப்புலக் கோடுகள் தரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. மேலிருந்து வரும் ஏற்றமுள்ள துணிக்கை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டித்தான் இறங்க வேண்டும். சுமார் 16 கிகா இலத்திரன்வோல்ற்றுக்குக் குறைந்த ஆற்றலுள்ள புரோத்தன் நேர் மேலிருந்து இங்கே இறங்க முடியாமல் வளைந்து திரும்பிவிடும். உலகத்திலேயே இந்தத் தடை மிக உயரமாக இருக்கும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் நிமிடங்கள், அதன் சுற்றில் கதிரளவு மிகக் குறைவாக இருக்கும் நிமிடங்களைச் சேர்ந்தவை. துருவத்தை நோக்கிப் போகும்போதும், தென் அட்லாண்டிக்கில் பட்டை தாழ்ந்து தொங்கும் பகுதியைக் கடக்கும்போதும் அது கூடுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மையைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியப் புயலின் புரோத்தன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாதவை. புயல் செய்தி வந்த அன்று உங்கள் எண்ணி பொங்கி எழும் என்று காத்திருக்காதீர்கள். நடப்பது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்மிடம் இறங்கி வருபவை பெரும்பாலும் மியூவோன்கள், அதாவது இலத்திரனைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துணிக்கைகள். அண்டக் கதிர் மேல்வளியில் காற்றின் கருக்களை மோதுகிறது. அதிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவோன்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீற்றர்தான் போக முடியும். ஆனாலும் தரையை எட்டுகின்றன, ஏனென்றால் வேகமாக ஓடும் மியூவோனுக்கு நேரம் மெதுவாகக் கழிகிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன் கடக்கிறது. இந்தக் கட்டுரையை வாசித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியே ஆயிரத்துக்கு அருகில் போயிருக்கும்.

இன்றிரவே செய்யக்கூடியது

கையில் இருக்கும் கைபேசியே முதல் கருவி. பின்பக்கக் கமராவின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். கைபேசியை அலுமாரிக்குள் வைத்து, கமராவின் கைமுறை அமைப்பில் 30 செக்கன் நேரம் கொடுத்துப் படம் எடுங்கள். குறைந்தது நூறு படமாவது வேண்டும். பகலில் எடுக்க வேண்டாம். நம் ஊரின் வெப்பத்தில் உணரி சூடேறிப் படம் முழுவதும் புள்ளிகளால் நிறைந்துவிடும். பின்னிரவே நல்லது.

படங்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும் வெள்ளைப் புள்ளி உணரியின் பழுது, அதை ஒதுக்குங்கள். ஒரு படத்தில் தோன்றி அடுத்ததில் மறையும் புள்ளியும் கோடும்தான் துணிக்கைகள் விட்ட தடங்கள். புழுவைப் போல நெளிந்த கோடு பெரும்பாலும் மண்ணின் காமாக் கதிர் உதைத்த இலத்திரன். நேரான கோடு மியூவோனாக இருக்கலாம். கைபேசியைப் படுக்க வைத்தால் மேலிருந்து வரும் மியூவோன் மெல்லிய உணரியைக் குத்திக்கொண்டு போய்ப் புள்ளியாகவே தெரியும். சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால், உணரியின் நீளவாக்கில் ஓடிக் கோடு இழுக்கும் வாய்ப்பு கூடுகிறது. என் மாணவி ஒருத்தி முதல் நேர்கோட்டைக் கண்ட இரவில் அந்தப் படத்தைத் தன் அம்மம்மாவை எழுப்பிக் காட்டினாள். அது கண்டுபிடித்தவருக்கே உரிய மகிழ்ச்சி.

விண்வெளி நிலையத்தில் 2012 முதல் பயன்படும் டைம்பிக்ஸ் என்ற சில்லும் இந்த வகையில்தான் வேலை செய்கிறது. 256க்கு 256 படப்புள்ளிகள், ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீற்றர். வேறுபாடு என்னவென்றால், ஒவ்வொரு புள்ளியிலும் படிந்த ஆற்றலையும் அது அளந்து சொல்லும். நெளிந்த மெல்லிய கோடு இலத்திரன், தடித்த நீண்ட தடம் கனமான கரு என்று தடத்தின் உருவத்தைப் பார்த்தே பிரிக்கிறார்கள்.

எண்ணியைப் பூட்டுதல்

அடுத்தது கைகர் குழாய். தொடங்குவோருக்கு எஸ்பிஎம்-20 என்ற பழைய சோவியத் வகைக் குழாயைப் பரிந்துரைப்பேன். சுமார் 11 சென்ரிமீற்றர் நீளம், உலோக உடல், எளிதில் உடையாது. அதற்கு 400 வோல்ற் வேண்டும். 350 முதல் 475 வரை எங்கே நின்றாலும் எண்ணிக்கை அதிகம் மாறாது. நேர்முனையில் 5 மெகாஓம் அளவான தடையைக் கட்டாயம் போடுங்கள். துடிப்புகளை எண்ண, அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று போதும். மின்சாரத்துக்கு, கைபேசியை ஏற்றும் பற்றரிப் பெட்டி ஒன்று. மின்வெட்டு வந்தாலும் பதிவு அறுந்துபோகாது.

மின்னோட்டம் குறைந்ததாக இருந்தாலும் 400 வோல்ற் கொள்ளளவியில் தேங்கி நிற்கும். அணைத்த உடனே உள்ளே கை வைக்க வேண்டாம். தனியாக வேலை செய்யும் சிறுவர்கள் வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயல்விளக்கத்திலும் சொல்லப்படாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு, அது உப்புக்காற்று. என் முதல் பலகை இரண்டு வாரம் ஒழுங்காக எண்ணியது. பிறகு விடியற்காலைகளில் மட்டும் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று ஏறத் தொடங்கியது. விண்ணில் ஏதோ நடக்கிறது என்று மனம் துள்ளியது. பலகையை எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். உயர் வோல்ற்றளவுத் தடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. அந்த உப்புப் படலம் விடிகாலை ஈரத்தை உறிஞ்சியதும் மின் கசிந்து பொய்த் துடிப்புகளை உண்டாக்கியிருந்தது. இப்போது பலகையைப் பூட்டியதும் அற்ககோல் தொட்ட தூரிகையால் துடைத்து, காய்ந்த பின் நிறமில்லாத நகப்பூச்சை உயர் வோல்ற்றளவுப் பகுதியில் இரண்டு முறை பூசுகிறேன். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன். பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கதிரியக்கப் பொருள் எதையும் வாங்க வேண்டாம். நம் நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும், உங்களுக்கு அது தேவையும் இல்லை. பழைய பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்றல் வீட்டில் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தால் அதைக் குழாயின் அருகே வைத்துப் பாருங்கள். பழையவற்றில் தோரியம் சேர்த்திருப்பார்கள், எண்ணிக்கை சட்டென்று கூடும். பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அதன் தூள் மூச்சில் போகக்கூடாது. புதிய மென்றல்கள் பலவற்றில் தோரியம் இல்லை.

ஒரு குழாய் போதாது

தனிக் குழாய் ஒன்று பொதுவாக நிமிடத்துக்கு 15 முதல் 25 வரை எண்ணும். அதில் மண்ணும் விண்ணும் கலந்திருக்கும். பிரிக்கும் வழி எளியது. இரண்டு குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக, சில சென்ரிமீற்றர் இடைவெளியில், இணையாகக் கட்டுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி அர்டுயினோவுக்கு எழுதுங்கள். மண்ணின் காமாக் கதிர் பெரும்பாலும் ஒரு குழாயிலேயே நின்றுவிடும். மியூவோன் இரண்டையும் துளைத்துக்கொண்டு போகும்.

தற்செயலாக இரண்டும் சேர்ந்து துடித்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 20, அதாவது செக்கனுக்கு மூன்றில் ஒன்று. "ஒரே கணம்" என்று நீங்கள் வைக்கும் சாளரம் 100 மைக்ரோசெக்கன் என்றால், தற்செயல் வீதம் சாளரத்தின் இரு மடங்கை இரண்டு வீதங்களாலும் பெருக்கினால் வரும். ஒரு நாளைக்கு இரண்டுக்கும் குறைவு. உண்மையான மியூவோன் இணைகள் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு வரும்போது, நாளைக்கு இரண்டு பொய் என்பது பொருட்டே அல்ல.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு, நானும் விழுந்தேன். இரண்டு குழாய்களுக்கும் ஒரே உயர் வோல்ற்றளவு மூலத்தைக் கொடுத்தால், ஒன்று துடிக்கும்போது மூலம் ஒரு கணம் சரிந்து மற்றதிலும் துடிப்புப் போலக் காட்டும். எண்ணிக்கை அழகாக வரும், ஆனால் அத்தனையும் பொய். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழாய்களைப் பக்கவாட்டில் அரை மீற்றர் விலக்கி வையுங்கள். இணைத் துடிப்புகள் ஏறத்தாழ நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மின்சுற்றில் கோளாறு, தனித்தனி மூலம் கொடுங்கள். இந்தச் சோதனை செய்யாத எந்த அளவையும் நான் ஏற்பதில்லை.

அது தேறியதும், குழாய்க் கட்டை நிமிர்த்தியும் சாய்த்தும் எண்ணிப் பாருங்கள். நேர் மேலே பார்க்கும்போது இருப்பதில் பாதி 45 பாகையில், கால்வாசி 60 பாகையில் என்று குறையும் போக்கு தெரிய வேண்டும். சாய்ந்த வழியில் வரும் மியூவோன் அதிகக் காற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. குழாய்க் கட்டு அகலமான கோணத்தைப் பார்ப்பதால் எண்கள் துல்லியமாகப் பொருந்தா. போக்குச் சரியாக இருந்தால் போதும்.

மூன்று இடங்களில் அளக்க

வீட்டில், கடற்கரையில், நீரில் என்று மூன்று இடங்களில் அளக்குமாறு சொல்வேன். ஒவ்வொன்றிலும் தனிக்குழாய் எண்ணிக்கையையும் இணை எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

கடற்கரை என்றால் நிலாவெளியிலிருந்து வடக்கே புல்மோட்டை வரை. புல்மோட்டை மணலில் இல்மனைற், உரூத்தைல், சேர்க்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் இருப்பது தெரிந்ததே. மொனசைற்றில் தோரியம் உண்டு. அலை பிரித்து ஒதுக்கிய கறுப்பு மணல் திட்டின் மேல் வைத்தால் தனிக்குழாய் எண்ணிக்கை ஏறும், இணை எண்ணிக்கை அப்படியே நிற்கும். அதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் இரட்டைக் குழாயின் அருமை தெரியும். அந்த மணலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வரவும் வேண்டியதில்லை.

நீரில் அளக்க, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலை வேளையே பொருந்தும். கச்சான் பலமாக அடிக்கும் பகல்களில் போகாதீர்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமலும் போகாதீர்கள். முக்கியமாக ஒன்று: நம் துறைமுகத்தில் கடற்படைப் பகுதிகள் இருக்கின்றன, பிரெட்ரிக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது. கம்பிகள் தொங்கி ஒலி எழுப்பும் பெட்டியோடு அந்தப் பக்கங்களில் நின்றால் என்ன நேரும் என்று நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இன்னொன்றையும் காண்பீர்கள். மழை கொட்டத் தொடங்கியதும் தனிக்குழாய் எண்ணிக்கை கூடும். காற்றில் மிதக்கும் ரேடன் வாயுவின் சேய்த் தனிமங்களை மழை கழுவித் தரைக்குக் கொண்டுவருகிறது. மழை விட்ட பின் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் அளவில் அது தணியும். இதைத் தெரியாதவர் மழை நாளில் சூரியப் புயல் கண்டதாக எழுதிவிடுவார்.

எத்தனை எண்ணினால் நம்பலாம்

நூறு எண்ணினால் பிழை பத்து. பத்தாயிரம் எண்ணினால் பிழை நூறு, அதாவது ஒரு சதவீதம். எண்ணிக்கையின் வர்க்கமூலமே பிழை. நிமிடத்துக்கு 2 இணைகள் வரும் குழாய்க் கட்டில் பத்தாயிரம் சேர 5,000 நிமிடங்கள், ஏறத்தாழ மூன்றரை நாட்கள் வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிவராது. விரைவாக எண்ண விரும்பினால், துணிக்கை பட்டதும் மின்னும் பிளாஸ்டிக் மினுக்கிப் பலகையும் சிலிக்கன் ஒளியுணரியும் கொண்ட கருவிக்கு மாறுங்கள். பரப்பு பெருகப் பெருக நாட்கள் மணிகளாகும். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீற்றர் பரப்பில், ஒவ்வொன்றும் 6 மீற்றர் நீளமான 3,712 எண்ணிகளை அடுக்கி வைத்து மியூவோன்களை எண்ணுகிறது. நம் வட்டாரத்து வானத்தையே அது பார்க்கிறது. அதன் வெளியீடுகளைத் தேடி வாசியுங்கள்.

எண்ணிக்கையோடு காற்றழுத்தத்தையும் எழுதுங்கள். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் மியூவோன் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை குறையும். நம் பகுதியில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம்.

இதே வேலை, விண்கலத்தில்

செவ்வாய்க்குப் போன கியூரியோசிட்டி ஊர்தியில் ராட் என்ற கருவி இருக்கிறது. மேலே மெல்லிய சிலிக்கன் உணரிகள், கீழே தடித்த மினுக்கிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒரு துணிக்கை எந்தெந்த அடுக்கைத் துளைத்தது, எங்கே நின்றது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றலை விட்டது என்று பார்த்து அது எது என்று சொல்கிறது. உங்கள் இரண்டு குழாய்க் கட்டின் மூத்த உறவு அது. 2011-2012 பயணத்தின்போதே அதை இயக்கி அளந்ததில் நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவேர்ட் வந்தது. போகவும் வரவும் 360 நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 648 மில்லிசீவேர்ட். நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் எல்லை 600. செவ்வாயில் தங்கும் நாட்களைச் சேர்க்காமலே கணக்கு மீறிவிடுகிறது. தரையில் இருக்கும் நமக்கு, உலகச் சராசரியாக, இயற்கையிலிருந்து ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பது 2.4. விண்வெளி நிலையத்தில் நாளுக்கு அரை மில்லிசீவேர்ட் என்று கொண்டாலும் ஐந்து நாட்களில் அது வந்துவிடும்.

வீரர்கள் உடலில் அணியும் அளவிகளில் மின்சாரமே தேவைப்படாதவையும் உண்டு. இலித்தியம் புளோரைட் துண்டு கதிராற்றலைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமிக்குக் கொண்டுவந்து சூடாக்கினால் ஒளியாக அதைத் திருப்பித் தரும். சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்கை எரிசோடாவில் ஊறவைத்தால் கனமான கருக்கள் போன தடங்கள் குழிகளாகப் பெருத்து நுணுக்குக்காட்டியில் தெரியும். இவை மொத்தக் கணக்கைச் சொல்லும், எச்சரிக்கை தராது. 1972 ஓகஸ்டில், அப்பலோ 16க்கும் 17க்கும் நடுவே, பெரும் சூரியப் புயல் ஒன்று வந்தது. அந்த நாட்களில் சந்திரனுக்குப் போகும் வழியில் எவரும் இல்லாதது வீரர்களின் நற்பேறு. அதே புயலின் காந்தக் கொந்தளிப்பில் வியட்நாம் கடலில் அமெரிக்கக் கடற்படை இட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் பல தாமாக வெடித்தன. துறைமுக ஊரில் இருப்பவர்கள் அதை மறக்கக்கூடாது. இன்று வீரர்களைச் சந்திரன் பக்கம் கொண்டுசெல்லும் நாசாவின் ஒரியன் கலத்தில் டைம்பிக்ஸ் சில்லு பொருத்திய கருவிகள் அளவு ஏறியதும் மணி அடிக்கும். வீரர்கள் சாமான்களை அடுக்கிச் சுவர் எழுப்பி அதன் நடுவே ஒடுங்கிக்கொள்வார்கள். பொலித்தீன், நீர், உணவு போன்ற ஐதரசன் மிகுந்த பொருட்களே நல்ல கவசம். கனமான உலோகத்தைத் தடித்து வைத்தால் அண்டக் கதிர் அதில் மோதிப் புதிய துணிக்கைகளைச் சிதறடிக்கும்.

விண்கலத்தின் சில்லுகளுக்கு வேறு கவலை. ஒரு கனமான கரு நினைவகத்தில் ஒற்றை இலக்கத்தைப் புரட்டிவிட்டால் கட்டளை மாறிப்போகும். அதனால் ஒரே கணக்கை மூன்று சுற்றுகளில் போட்டு இரண்டு ஒத்த விடையை எடுக்கிறார்கள். வியாழனைச் சுற்றும் ஜூனோ, தன் கணினிகளை ஒரு சென்ரிமீற்றர் தடித்த தைத்தானியப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அளக்கப் போன கருவியே பலியான கதையும் உண்டு: செவ்வாயைச் சுற்றிய ஒடிசி கலத்தின் மரீ என்ற கதிர்வீச்சு அளவி, 2003 ஒக்டோபர் இறுதிப் புயலில் செயலிழந்தது. நம் இராவணா-1 செய்மதி 2019இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டபோது, 10 சென்ரிமீற்றர்க் கனசதுரமான அதுவும் இதே துணிக்கைகளுக்கு நடுவேதான் சுற்றியது. நம் திருகோணமலையின் சுவாமி மலையடியில் 1956இல் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க், 1945இலேயே செய்மதித் தொடர்புக்கு 36,000 கிலோமீற்றர் உயரச் சுற்றுப்பாதையை முன்மொழிந்தார். அந்தப் பாதை வான் அலன் வெளிப்பட்டையின் ஓரத்தை உரசுகிறது என்பது தெரிய இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. இன்று நம் தொலைக்காட்சிச் செய்மதிகள் அந்த இலத்திரன் மழையில் நனைந்துகொண்டே நிற்கின்றன.

புயல் எச்சரிக்கை வரும் நாளில்

அமெரிக்காவின் கோஸ் செய்மதிகள் அளக்கும் புரோத்தன் வரத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எஸ்1 முதல் எஸ்5 வரை ஐந்து படிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு. எஸ் படி ஏறியது என்று கண்டதும் உங்கள் குழாய்க் கட்டில் புதிய பதிவைத் தொடங்குங்கள், அதற்கு முந்திய ஒரு வாரத்தின் பதிவும் கையில் இருக்க வேண்டும். இங்கே எண்ணிக்கை ஏறாது. வெடிப்பு உமிழ்ந்த காந்த மேகம் ஒன்று முதல் மூன்று நாட்களில் பூமியை எட்டினால், அது அண்டக் கதிரைத் தள்ளி விடும், மியூவோன் எண்ணிக்கை ஓரிரு சதவீதம் குறையலாம். இதற்கு போர்புஷ் வீழ்ச்சி என்று பெயர். இரண்டு குழாய்க் கட்டால் இதைக் காண்பது மிகக் கடினம், மினுக்கிப் பலகை இருந்தால் முயலலாம். அழுத்தத் திருத்தம் செய்து, மழை பெய்ததா என்று குறித்து, பின்லாந்தின் ஊலு நியூத்திரன் நிலையம் அதே மணிநேரங்களில் காட்டும் வளைவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வீழ்ச்சி ஆழமாகவும் நம்மிடத்தில் மெலிதாகவும் இருந்தால் சரியாக அளந்திருக்கிறீர்கள்.

பதிவுப் புத்தகத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தனிக்குழாய் எண்ணிக்கைகள், இணை எண்ணிக்கை, அழுத்தம், வெப்பநிலை, மழை, பற்றரியின் வோல்ற்றளவு, சிலிக்கா ஜெல் மாற்றிய நாள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிரல் கோடிட்டு வையுங்கள்.